இரத்த ஓட்ட மதிப்பீட்டுப் பிரிவில் எங்கள் மருமகள்

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கேன் அறையில் இருந்தவர்கள் வருமாறு: நான், என் மனைவி, எங்கள் மருமகள், மருத்துவமனையின் இயக்குநர், ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா, நோயாளிகளுக்குக் கைப்பட்டை கட்டும் நர்ஸ், சிறந்த மருத்துவமனைகளுக்கு விருது கொடுக்கும் குழுவிலிருந்து பார்வையிட வந்திருந்த ஒரு பெரிய மனிதர், அவரைப் படம் பிடிக்க ஒருவர். என் மகன் இல்லை. அச்சகத்தில் அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. திரைக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. மருமகள் போய்ப் படுக்கும் முன் நானே விலக்கிப் பார்த்தேன்.

நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் யார் இருந்தார்கள் என்று எழுதாமல் என்ன நடந்தது என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் மருமகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலில் வரும் பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தால் வேலை நேரம் முடியும்வரை இறங்க முடியாது. கீழே நடமாடுகிறவர்கள் எல்லாரும் அவள் கையை நம்பி நடமாடுகிறவர்கள். அவள் இந்த வேலைக்குப் போவதில் முதலில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாள் துறைமுகத்துக்கே போய் அண்ணாந்து நின்று பார்த்தேன். வீடு மாதிரி இருந்த ஒரு பெட்டியை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், மருமகள் கிரேன் ஓட்டுகிறாள் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அவளுக்கு வந்த நோயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்பாள் என் மனைவி. என்ன செய்கிறது என்று நான் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று நினைக்கிறவன் நான். ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். மாதாமாதம் வருவது அளவில்லாமல் வருகிறது, வந்தால் நிற்பதில்லை என்று ஒருவழியாக எனக்கும் சொல்லப்பட்டது.

மருத்துவமனையில் இரத்தப்போக்குப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த வயதான டாக்டரம்மா மருமகளிடம் நாலு கேள்வி கேட்டார், பரிசோதித்தார், கருப்பைக்குள் 'லூப்' என்று ஒன்றை வைத்தார். சின்னது, உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கசியுமாம், போக்கு குறையுமாம். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க. குறையலன்னா யோசிக்காம உடனே எங்கிட்ட வந்துடுங்க" என்றார். அந்தக் கட்டடத்தில் நாங்கள் கேட்ட கடைசி உருப்படியான வார்த்தை அதுதான்.

பொறுத்துப் பார்த்தோம். குறையவில்லை. கூடியது. உடனே போனோம்.

அதற்குள் மருத்துவமனை முன்னேறியிருந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, இந்த நர்ஸை உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் பட்டை கட்டுவது அவள் வேலை. சிகிச்சைக்கு முன் என்றால் மஞ்சள். சிகிச்சைக்குப் பின் என்றால் பச்சை. மருமகள் கையில் பச்சையைக் கட்டினாள். அது 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"நாங்க போக்குப் பிரிவு டாக்டரம்மாவைப் பாக்கணும்மா" என்றேன்.

"பச்சைக்காரங்க அங்க போகக் கூடாதுங்க ஐயா. ஓட்டப் பிரிவுக்குத்தான் போகணும்."

"அது என்ன ஓட்டப் பிரிவு?"

"இரத்த ஓட்ட மதிப்பீட்டுப் பிரிவு. புதுசா திறந்திருக்கோம். கருப்பைக்கு ரத்தம் எவ்வளவு போகுதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க."

"பார்த்து?"

"குணமாயிட்டாங்கன்னு சொல்வாங்க."

"குணமாகலன்னுதானே வந்திருக்கோம்?"

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பச்சை கட்டியிருக்கோமே ஐயா" என்றாள். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே இழுத்து, கூடம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள்: "அதிக இரத்தப்போக்கு, சிகிச்சைக்குப் பின், கிரேன் ஓட்டுற அம்மா! ஓட்டப் பிரிவு!"

நான் என் மனைவியிடம்கூடக் கேட்காத விஷயத்தை, காது வலிக்கு வந்தவன், கால் முறிந்தவன், பேரனை வேடிக்கை காட்டக் கூட்டிவந்தவன் உட்பட அத்தனை பேரும் தெரிந்துகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வேறு எதையும் நிமிர்த்த வழியில்லை.

ஓட்டப் பிரிவின் காத்திருக்கும் அறையில் குடிதண்ணீர்க் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் படம் தெளிவாக விழுமாம். இது நியாயம்தான். ஆனால் அந்த அறையின் வழிமுறை, நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இருந்தது. தண்ணீர் கொடுக்கிறவர் என்னிடமும் ஒரு பெரிய குவளையை நீட்டினார்.

"எனக்கு ஸ்கேன் இல்லைப்பா."

"நாற்காலியில உக்காந்திருக்கீங்களே?"

"எந்திரிச்சுடறேன்."

"உக்காந்தது உக்காந்ததுதானுங்க. குடிச்சிடுங்க. மேல கேட்டா நான் பதில் சொல்லணும்."

குடித்தேன். இரண்டாவது குவளையும் வந்தது. என் மனைவி விவரமானவள். முதலிலிருந்தே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மருமகள் குடித்து முடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இயந்திரத்தைத் துடைக்கிறார்கள், பிறகு கூப்பிடுவார்கள் என்றார்கள். அவளால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? கழிவறைக்குப் போனாள். போன உடனே, "பை நிறைஞ்சவங்க வாங்க!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வந்ததும் மறுபடி குடிக்கச் சொன்னார்கள். குடித்தாள். அடுத்து, உள்வழியாகவும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குப் பை காலியாக இருக்க வேண்டும், போய்விட்டு வாருங்கள் என்றார்கள். போய்விட்டு வந்தாள். உள்வழிக் கருவி இன்னும் பெட்டியிலிருந்து பிரிக்கப்படவில்லை, ஆகவே மேல்வழியாகவே எடுக்கலாம், தண்ணீர் குடியுங்கள் என்றார்கள்.

"அத்தை, என்னைக் கிணறுன்னு நினைச்சிட்டாங்களா?" என்றாள் மருமகள். அவள் சிரித்தாள் என்பதற்காக என் மனைவியும் சிரித்தாள். இருவர் முகத்திலும் ரத்தமில்லை.

கடைசியில் ஸ்கேன் நடந்தது. நான் திரைக்கு இப்பால் நின்றேன். ஸ்கேன் டாக்டரம்மா கெட்டவர் இல்லை. இயந்திரத்தில் தெரிகிற படத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், அவ்வளவுதான். எங்கள் மருமகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய கருப்பைக்குப் போகிற இரண்டு இரத்தக் குழாய்களோடு அவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

"எதிர்ப்பு எண் நல்லா ஏறியிருக்கு" என்றார்.

"ஏறினா நல்லதா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"எண் ஏறினா ஓட்டம் இறங்கியிருக்குன்னு அர்த்தம். ஓட்டம் குறைஞ்சிடுச்சு. சிகிச்சை வெற்றி."

நான் திரைக்கு இப்பாலிருந்து கேட்டேன்: "எதைவிடக் குறைஞ்சிருக்கு?"

"முன்னாடி இருந்ததைவிட."

"முன்னாடி எவ்வளவு இருந்தது?"

"முன்னாடி எடுக்கலையே ஐயா. அப்ப இந்தப் பிரிவே திறக்கலை."

"எடுக்காததைவிட எப்படிக் குறைஞ்சது?"

"மத்தவங்களோட சராசரி இருக்குங்களே" என்றார், மிகவும் பொறுமையாக. எங்கள் அலுவலகத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தை அளந்துவிட்டு இவருடைய நிலம் சுருங்கிவிட்டது என்று ஒருவன் எழுதிக்கொண்டு வந்திருந்தால், அவனை நான் வாசற்படி ஏறவிட்டிருக்க மாட்டேன்.

"டாக்டர், எனக்கு இன்னும் நிக்கலையே" என்றாள் மருமகள்.

"அது போக்கும்மா. அதை நான் பாக்கறதில்லை" என்றார் அவர்.

வேறு மருத்துவமனை பார்த்திருப்போம். ஆனால் ஊரில் இருந்தது அந்த ஒன்றுதான். தவிர, ஓட்டப் பிரிவு குணமானவர்களைப் பற்றி அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்குத் தானாகவே தெரிவித்துவிடுகிறது. நல்ல சேதியைத் தாமதிக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் துறைமுக மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"குணமாயிட்டீங்களாமே அக்கா! ரொம்ப சந்தோஷம். திங்கக்கிழமை ஏறிடுவீங்கல்ல? இங்க கப்பல் வரிசையில நிக்குது. குணமான பிறகு லீவு குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டு மருமகள் என்னைப் பார்த்தாள். சாதாரணமாக என்னிடம் நேரடியாக எதையும் சொல்ல மாட்டாள். அத்தை வழியாகத்தான் வரும். அன்று சொன்னாள்.

"ஏணியில பாதி ஏறும்போதே கண்ணு இருட்டுது மாமா. எனக்கு விழுறதுகூடப் பயமில்லை. மேல உக்காந்திருக்கும்போது இருட்டினா, கீழ நிக்கிறவங்க தலைக்கு மேல பெட்டி தொங்கிட்டிருக்கும்."

மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன். போக்குப் பிரிவின் கதவில் பச்சைப் பட்டைக்காரர்களை நிறுத்துவதற்கென்றே ஒருவரைப் போட்டிருந்தார்கள். பட்டையே இல்லாத என்னையும் நிறுத்தினார். மேலே போய் இயக்குநரைப் பார்த்தேன். பார்க்கவிட்டார்களே என்று ஆச்சரியப்பட்டேன். காரணம் அவரே சொன்னார்.

"நானே உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பறதா இருந்தேன். விருதுக் குழுவிலிருந்து வர்றாங்க. நம்ம பிரிவுல நல்லபடியா குணமான ஒருத்தரைக் காட்டணும். உங்க மருமகளோட எண்தான் இருக்கிறதுலயே பிரமாதம்."

"அவள் குணமாகலை சார்."

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க" என்றார் இயக்குநர். "எண்ணைப் பாத்தா மனசு மாறிடும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

நான் வர முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டுப் பெண்ணை ஊர் கூட்டிக் காட்சிக்கு வைப்பதா? ஆனால் அவர் அறையை விட்டால் எங்களுக்குத் திறக்கிற வேறு கதவு அந்தக் கட்டடத்தில் இல்லை. வருகிறோம் என்றேன்.

வெள்ளிக்கிழமை. தண்ணீர்க்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். நான் உட்காரவே இல்லை. "போன தடவை உக்காந்தவர்தானே நீங்க?" என்று சொல்லி இரண்டு குவளை கொடுத்தார்.

ஸ்கேன் அறைக்குள் போனால், இயந்திரத்தின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சிக்கும் இணைத்திருந்தார்கள். விருந்தினர் வசதிக்காக. ஒலியையும் கூட்டி வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் மருமகள் படுத்திருக்க, அவளுடைய இரத்தம் போகிற சத்தம் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதுபோல் அறை முழுக்கக் கேட்டது. சிவப்பும் நீலமுமாக எங்கள் குடும்பத்தின் உள்விவகாரம் சுவரில் ஓடியது. படம் பிடிப்பவர் அதைப் படம் பிடித்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றேன். நின்றதற்கு மானம் ஒரு காரணம். குடித்த தண்ணீர் இன்னொரு காரணம்.

இயக்குநர் பேசினார்.

"நோயாளி சொல்றதைக் கேட்டு வைத்தியம் பாத்த காலம் ஒண்ணு இருந்தது ஐயா. அது இருண்ட காலம். ஒருத்தர் வலியைக் கூட்டிச் சொல்வார், ஒருத்தர் குறைச்சுச் சொல்வார். ஆனா ரத்தக் குழாய் பொய் சொல்லாது. அதனால இந்தப் பிரிவுல நாங்க நோயாளிகிட்ட ஒரு கேள்வி கேக்கறதில்லை. ஒரே ஒரு கேள்வி கூட! அந்தத் தூய்மையை நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டுக் காப்பாத்திட்டு வர்றோம்."

"பிரமாதம்" என்றார் விருந்தினர். அவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். தெரியாமல் ஒரு தப்புச் செய்தார். திரைப் பக்கம் திரும்பி, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அறையில் ஒரு சங்கடம் பரவியது. நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் வந்தது: "நிக்கவே இல்லை சார். இங்க வந்து காத்திருந்த நேரத்துலயே ரெண்டு தடவை பேட் மாத்திட்டேன்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. இயக்குநர் அசையவில்லை.

"கேட்டீங்களா ஐயா? இவங்க சொல்றது போக்கு. அது ரெண்டாவது மாடி. நாம பாக்கறது ஓட்டம். இது மூணாவது மாடி. ரெண்டையும் குழப்பிக்கறதுதான் சாதாரண ஜனங்களோட பிரச்சினை."

"டாக்டர்," மருமகள் விடவில்லை, "அந்த லூப் வச்ச இடத்துல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்களேன்."

ஸ்கேன் டாக்டரம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது என்னால முடியாதேம்மா. ரத்தக் குழாய் ரெண்டும் ஓரத்துல இருக்கு. நான் ஓரம்தான் பாப்பேன். லூப்பு கருப்பைக்கு நடுவுல இருக்கும். நடு, போக்குப் பிரிவோடது."

அண்ணன் தம்பிகள் ஒரு கதவை இரண்டாக அறுத்துப் பங்கு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிணற்றை நடுவில் கயிறு கட்டிப் பிரித்ததற்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். கருப்பையை ஓரம் ஒருவருக்கு, நடு ஒருவருக்கு என்று பாகம் பிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

என் மனைவி என் முழங்கையை இடித்தாள். "என்னங்க, நீங்க நிமிந்து நின்னது போதும். வாயைத் திறங்க."

திறந்தேன். விருந்தினரைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, நீங்க கேட்டா செய்வாங்க. நடுவையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க."

"காட்டுங்களேன்" என்றார் அவர். "நானும் லூப்பை இதுல பாத்ததில்லை."

விருது கொடுக்க வந்தவர் கேட்டதை மறுக்க எந்த வழிமுறையிலும் இடமில்லை. டாக்டரம்மா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தலையை ஒரு நூல் அசைத்தார். கருவி ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. சுவரில் படம் மாறியது. டாக்டரம்மா இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், அழுத்தினார். பிறகு, முதல் முறையாக, படத்திலிருந்து கண்ணை எடுத்து எங்கள் மருமகளின் முகத்தைப் பார்த்தார். அதற்கு அவர் தமக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் தொங்கிய திரையை விலக்கவேண்டியிருந்ததால் எங்களுக்கும் அது தெரிந்தது.

"லூப் இல்லம்மா" என்றார் மெதுவாக. "எப்பவோ வெளிய வந்திருக்கு. போக்கு ரொம்ப இருந்தா சில பேருக்கு அதோடயே வந்துடும்."

"அப்ப இவ்வளவு நாளா எனக்கு வைத்தியமே நடக்கலையா?"

  படம் பிடிப்பவர்கூடக் கையை இறக்கிவிட்டார்.

இயக்குநர்தான் சமாளித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு விருந்தினர் பக்கம் திரும்பினார். "இங்கதான் ஐயா நம்ம பிரிவோட பெருமை. லூப் இருந்தா யார் வேணும்னாலும் ஓட்டத்தைக் குறைச்சிடுவாங்க. நாங்க லூப் இல்லாமலே குறைச்சிருக்கோம்."

"பிரமாதம்" என்றார் விருந்தினர், கொஞ்சம் யோசித்துவிட்டு. கீழே கார் தயாராக இருப்பதாக யாரோ எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். படம் பிடிப்பவரோடு அவர் வெளியேறினார்.

இயக்குநரும் பின்னாலேயே போய்விடாதபடி நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் ஒரு அதிகாரியின் வழியை மறித்தது அதுதான் முதல் தடவை.

"சார், வைத்தியமே நடக்கலைன்னு ஆயிடுச்சு. பச்சையை வெட்டிட்டு மஞ்சள் கட்டுங்க. அந்த டாக்டரம்மாகிட்ட இப்பவே அனுப்புங்க."

"பச்சையை வெட்ட முடியாது பெரியவரே. வெட்டினா குணமானவங்க எண்ணிக்கையில ஒண்ணு குறையும். விருதுக்காரர் இன்னும் படி இறங்கலை."

"அவ உக்கார முடியாம உக்காந்திருக்கா சார்!" என்று என் மனைவி கத்தினாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. மருமகள் கட்டிலின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவரும் மனிதர்தான், எண்ணிக்கைக்குக் குந்தகம் இல்லாமல் உதவ முடிந்தால் உதவக்கூடியவர். தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. குணமானவங்க குணமானவங்களாகவே இருக்கட்டும். உங்க வீட்டிலிருந்து இன்னொருத்தர் புதுசா வந்தா, தாராளமா மஞ்சள் கட்டலாம்."

"எங்க வீட்டில் வேற யாருக்கும் இந்த நோய் இல்லையே?"

"வந்ததா வச்சுக்குவோம். வலது கையில பச்சை இருக்கு. இடது கை சும்மாதானே இருக்கு?" நர்ஸிடம் திரும்பினார். "வழக்கமான கேள்வியைக் கேட்டுக் கட்டிடும்மா."

நர்ஸ் எங்களை வாசல் மேசைக்குக் கூட்டிவந்தாள். மருமகளை நாற்காலியில் உட்காரவைத்தோம். கூடத்தில் வழக்கம்போல் கூட்டம். ஒலிபெருக்கி மேசைமேல் திறந்தபடி இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

"மருமகள்."

"உங்க மருமகள் ஏற்கெனவே பச்சையில இருக்காங்க. இவங்க அதே மருமகளா, வேற மருமகளா?"

நான் மருமகள் கையிலிருந்த பச்சைப் பட்டையைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எத்தனை மகன் ஐயா?"

"ஒருத்தன்."

நர்ஸ் எழுதுவதுபோல் விரலை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை; மஞ்சள் பட்டை அவள் மற்றொரு கையில் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அது கட்டப்படும். அத்தனை வருடம் அந்தப் பதிவு அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற நான் சம்மதித்ததில்லை. பெரிய பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். மறுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவரும் இரண்டாம் தாரம் என்ற பேச்சுக்கே இடம் வைத்ததில்லை.

மருமகள் தலை நிமிர்ந்து, "வேண்டாம் மாமா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். என் மனைவி தாங்கிக்கொண்டாள்.

"வேற மருமகள்" என்றேன்.

அது கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. நர்ஸ் மஞ்சளைக் கட்டிவிட்டு, இன்னும் ஒரு முறை எல்லாரும் தெளிவாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று அறிவித்தாள்: "அதிக இரத்தப்போக்கு, சிகிச்சைக்கு முன், பெரியவர் வீட்டு ரெண்டாவது மருமகள்! அதே மகன்! போக்குப் பிரிவு!"

காது வலிக்காரர்கள் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள்.

போக்குப் பிரிவு டாக்டரம்மா மருமகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் இருந்த பட்டைகளைப் பார்த்தார். "குறையலன்னா உடனே வாங்கன்னுதானே சொன்னேன்?" என்று கோபப்பட்டார்.  நடந்ததைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அன்றே படுக்கையில் சேர்த்தார். இரத்தம் ஏற்றினார்கள். போக்கை நிறுத்த மருந்து கொடுத்தார்கள். தேறிய பிறகு இன்னொரு லூப் வைத்து, அது இடத்தில் இருக்கிறதா என்று நடுவில் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். இந்த முறை நின்றது.

இடையில் விடுப்புப் பிரச்சினை ஒன்று இருந்தது. துறைமுகத்தைப் பொறுத்தவரை முதல் மருமகள் குணமானவள். திங்கட்கிழமை ஏற வேண்டியவள். மேற்பார்வையாளருக்குச் சேதி எப்படியோ போயிருந்தது. தயங்கித் தயங்கிப் பேசினார்: "விஷயம் கேள்விப்பட்டேன் அக்கா. உங்க நல்ல மனசு யாருக்கு வரும்! உடம்பு முடியாத குடும்பத்தாரைக் கவனிச்சுக்க லீவு குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. அவங்க தேறுறவரைக்கும் கூடவே இருங்க." மருமகள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே தன்னைத்தானே கவனித்துக்கொள்ள விடுப்பு வாங்கினாள். "அவளை நல்லா பாத்துக்கறேன்" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது என் மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருத்துவமனைக்கு விருது கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு பேர் குணமாகியிருப்பதாக இயக்குநர் தம் ஏற்புரையில் குறிப்பிட்டாராம். ஒரே குடும்பம் இரண்டாவது முறையும் நம்பி வருவதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்றாராம். இரண்டாவது மருமகளும் இப்போது சிகிச்சைக்குப் பின் என்று ஆகிவிட்டதால், இரத்த ஓட்டத்தை மதிப்பிட வரச் சொல்லி ஓட்டப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. மருமகள் மறுபடியும் கிரேனில் ஏறுகிறாள். ஏணியில் எங்கும் நிற்பதில்லை.

எங்கள் மகன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான் என்றும், மூத்தவள் கிரேன் ஓட்டிச் சம்பாதித்து இளையவளுக்கு வைத்தியம் பார்த்தாள் என்றும், சக்களத்திகள் அப்படி ஒற்றுமையாக இருப்பதற்குக் காரணம் என் வளர்ப்பு என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மகனுக்கு நடந்தது ஒரே கல்யாணம். மருமகள் ஒருத்திதான்.